பெயரும் எடையும்: விக்டோரியா ஏரியின் மீன் கணக்கு

ஓர் ஏரியில் எவ்வளவு மீன் இருக்கிறது? அதிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு எடுத்தால் ஏரி வறுமையடையாமல் இருக்கும்? இவ்விரு வினாக்களும் உயிரியலார்க்கும் கணக்கியலார்க்கும் உரியவை. கவிஞர்களும் தமிழன்பர்களும் கூடிப் பத்தாண்டுகள் வளர்த்த இலக்கிய வட்டத்தின் மலரில் இவற்றுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் ஏறத்தாழ நூறாண்டுகளாக நடந்துவரும் மீன் கணக்கெடுப்பின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு அது பெயரிடுதலின் வரலாறாகவும் அமைந்திருப்பது புலனாகும். தனிப்பெயர் பெற்ற மீன் குறைந்தபோது அக்குறைவை ஊரார் அறிந்தனர், அரசும் அறிந்தது. பொதுப்பெயர் ஒன்றால் குவிக்கப்பட்ட மீன்களோ, எடையாக மட்டுமே ஏட்டில் ஏறின. அவை மறைந்தபோது மறைந்தவை எவை என்று சொல்லக்கூடியவர் மிகச் சிலரே இருந்தனர். சொல்லோடு பழகும் நமக்கு இவ்வரலாறு தொலைவானது அன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஏரியும் அதன் மக்களும்

விக்டோரியா ஏரி நிலநடுக்கோட்டின் மீது உகாண்டா, கென்யா, தான்சானியா என்னும் மூன்று நாடுகளுக்கும் பொதுவாக ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்று மிகுதியானது இது. பரப்பு பெரிதாயினும் ஆழம் பெரிதன்று; மிக ஆழமான இடமும் 80 மீட்டரை ஒட்டியதே. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் இவ்வேரி வறண்டு கிடந்தது என்பதை அடிமண் படிவுகளை ஆராய்ந்தோர் 1996இல் எடுத்துக்காட்டினர். மீண்டும் நீர் நிறைந்த பின், சில மூதாதை மரபுகளிலிருந்து 500 வரையிலான மீன் இனங்கள் இங்கே கிளைத்தன. பாசி மேய்வன, நத்தை உடைப்பன, பூச்சிப்புழு தின்பன, பிற மீனின் குஞ்சுகளைக் கவர்வன என ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உணவையும் ஓர் ஆழத்தையும் தேர்ந்துகொண்டது. பெரும்பாலானவை ஒரு சாண் நீளமும் இல்லாதவை. உயிர்கள் இத்துணை விரைவாகக் கிளைத்ததற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது என்பர் அறிவியலார்.

கரையில் வாழ்ந்த லூவோ, சுகுமா, கண்டா முதலிய மக்கள் நாணற் கூடைகளாலும் கோரைத் தடுப்புகளாலும் தூண்டிலாலும் மீன்பிடித்தனர். அவர்கள் மிக விரும்பி உண்டது 'இங்கெகே' என்னும் மீன். நம் ஊர்ச் சந்தைகளில் மக்கள் 'ஜிலேபி' என்று பெயர் சூட்டிவிட்ட திலேப்பியாவின் நெருங்கிய உறவு அது. 1901இல் இருப்புப்பாதை ஏரிக்கரையை எட்டியது. 1905ஐ ஒட்டி ஐரோப்பாவிலிருந்து சணல்நார்ச் செவுள் வலை வந்து சேர்ந்தது. மீனின் தலை நுழைந்து, செவுள் மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் நகர இயலாதபடி செய்யும் வலை அது. வலை மீனைத் தந்தது. இரயில் அதனை நைரோபிக்குக் கொண்டு சென்றது. தன் ஊருக்குப் பிடித்த காலம் போய், காணாத ஊருக்குப் பிடிக்கும் காலம் தொடங்கியது.

முதற் கணக்கு

இருபது ஆண்டுகளுக்குள், கென்யப் பகுதி வளைகுடாவில் வலைக்கு அகப்படும் இங்கெகே வெகுவாகக் குறைந்தது. அதனை ஆராய இங்கிலாந்திலிருந்து மைக்கேல் கிரகாம் என்னும் மீன்வள அறிஞர் வரவழைக்கப்பட்டார். 1927, 1928ஆம் ஆண்டுகளில் ஏரியைச் சுற்றி ஆய்ந்து, 1929இல் தம் அறிக்கையை வெளியிட்டார். இங்கெகேக்கு அறிவியற் பெயர் சூட்டியவரும் அவரே. 1928இல் அவர் இட்ட இலத்தீன் அடைமொழியின் பொருள் 'உண்ணத்தக்கது' என்பதாகும். அதற்கு நிறத்தாலன்றி, வடிவாலுமன்றி, சுவையால் பெயர் அமைந்தது.

கிரகாம் ஏரியின் மீன்களை எண்ண முயலவில்லை. அவர் கேட்டது மிக எளிய கேள்வி: ஓரிரவில் ஒரு வலைக்கு எத்தனை மீன் அகப்படுகிறது? மொத்தப் பிடிப்பு பெருகிக்கொண்டே இருக்கலாம். வலைகளின் எண்ணிக்கை அதனினும் விரைந்து பெருகியிருந்தால் அப்பெருக்கம் பொய். வலை ஒன்றுக்குக் கிடைக்கும் மீன் குறைவதே ஏரியின் மெய்நிலையைக் காட்டும். இக்கருத்து மீன்வள ஆய்வின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றளவும் நிற்கிறது.

அவர் கூறிய பரிந்துரைகளுள் மூன்று நம் கவனத்துக்குரியன. வலைக்கண் ஐந்து அங்குலத்திற்குக் குறையலாகாது. சிறு மீன் தப்பிச் சென்று ஒருமுறையேனும் இனம் பெருக்கிய பின்னரே வலையில் விழவேண்டும் என்பது முதலாவது. ஏரி மூன்று ஆட்சிப் பகுதிகளாகப் பிரிந்து கிடப்பினும் மீனுக்கு எல்லைக்கோடு தெரியாதாதலின், ஏரி முழுமைக்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும் என்பது இரண்டாவது. வேற்று நீரிலிருந்து பெரிய இரைகொல்லி மீன் எதனையும் விரிந்த ஆய்வின்றி இங்கு விடுவது பேரிடர் பயக்கும் என்பது மூன்றாவது.

முதலாவது பரிந்துரை 1930களில் சட்டமாயிற்று. இரண்டாவதன் வழியே 1947இல் ஏரிக்கான மீன்வளப் பணியமைப்பு ஒன்று தோன்றியது. மூன்றாவதற்கு நேர்ந்தது பின்னர்க் கூறப்படும். வலைக்கண் சட்டம் நெடுநாள் நிற்கவில்லை. சிறுகண் வலை மிகுந்த மீனைத் தருகிறது என்னும் கண்கூடான உண்மைக்கு முன், பெரிய மீனாக வளரட்டும் என்னும் காணாத உண்மை தோற்றது. 1950களின் பின்பாதியில் உகாண்டாவும் தாங்கனீக்காவும், அவற்றையடுத்துக் கென்யாவும் அவ்விதியைக் கைவிட்டன. அதே காலத்தில் அழுகாத நைலான் வலையும் வந்துவிட்டது. வலைக்கண் ஆண்டுதோறும் சிறுத்தது, இங்கெகே அருகியது. ஆயினும் அது யாருக்கும் தெரியாமல் அருகவில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. கரையிலிருந்த ஒவ்வொருவரும் அதன் பெயரைச் சொல்லி அது இல்லையே என்று குறைபட்டனர்.

முதலும் வட்டியும்

கிரகாம் தாயகம் திரும்பிய பின் வடகடலின் மீன்வளத்தை ஆராய்ந்தார். முதல் உலகப்போரின்போது அக்கடலில் மீன்பிடிப்பு பெரிதும் நின்றிருந்தது. போர் முடிந்து சென்றவர்கள் பருத்த மீன்களை மிகுதியாகக் கண்டனர். இதனை அடிப்படையாகக் கொண்டு 1935இல் அவர் எழுதிய கட்டுரை, நீடித்த அறுவடை என்னும் கருத்துக்குக் கணித வடிவம் தந்தவற்றுள் ஒன்று. 1954இல் அமெரிக்கரான மில்னர் ஷேஃபர் அதனை மேலும் செம்மைப்படுத்தினார்.

அக்கருத்தை நம் வழக்கில் முதல், வட்டி என்னும் சொற்களால் விளக்கலாம். ஏரியில் நிற்கும் மீன் முதல். ஆண்டுதோறும் அது பெருகும் அளவு வட்டி. வட்டியை மட்டும் எடுத்தால் முதல் குறையாது. ஆனால் இம்முதலுக்கு வட்டிவீதம் நிலையானது அன்று. ஏரி மீனால் நிறைந்திருக்கும்போது இரையும் இடமும் போதாமையால் பெருக்கம் மிகக் குறைவு. மீன் மிக அருகியிருக்கும்போது ஈனுவன சிலவாதலின் அப்போதும் பெருக்கம் குறைவே. இரண்டுக்கும் இடையில், முழுநிறைவின் ஏறக்குறையப் பாதியில், பெருக்கம் உச்சத்தை அடைகிறது. ஆகவே இருப்பைப் பாதியளவுக்குக் குறைத்து அங்கேயே நிறுத்தி, ஆண்டுப் பெருக்கத்தை மட்டும் எடுத்துவருவதே சிறந்தது என்று அக்கணக்கு கூறிற்று.

புதிய நீர்நிலைகளுக்கு ஒரு குறுக்கு வழியும் 1970களில் புழக்கத்திற்கு வந்தது. ஜான் கல்லண்ட் என்னும் அறிஞர் வகுத்த அவ்வழியின்படி, பிடிக்கப்படாத இருப்பின் எடையை, ஆண்டுதோறும் இயற்கையாய் மடியும் வீதத்தால் பெருக்கிப் பாதியாக்கினால், எடுக்கத்தக்க அளவு தோராயமாகக் கிடைக்கும். இருப்பின் எடை ஒன்று தெரிந்தால் போதும், அனுமதி பிறந்துவிடும்.

இக்கணக்கு தன்னளவில் பொய்யானது அன்று. ஒரே இன மீன், மாறாத நீர், கட்டுக்குள் நிற்கும் மீனவர் தொகை என்னும் மூன்று நிலைகளில் அது நன்கு பொருந்தும். 1977இல் பீட்டர் லார்கின் என்னும் கனடா நாட்டு மீன்வள அறிஞர், இந்த உச்ச அறுவடைக் கருத்து இறந்துவிட்டதாக அறிவித்து அதற்கு ஒரு கல்லறை வாசகம் எழுதினார். அறிவியல் இதழில் வெளிவந்த அவ்வாசகம் செய்யுள் வடிவில் இருந்தது. மீன் கணக்கின் பிழையைச் சொல்ல அறிவியலாரே பாட்டைத் துணைக்கழைத்த இச்செய்தி நம் வட்டத்தாருக்கு மகிழ்ச்சி தரக்கூடும்.

இழுவலை கண்ட ஏரி

விக்டோரியா ஏரி முழுவதையும் அளக்கும் முதற்பெரு முயற்சி 1969 முதல் 1971 வரை நடந்தது. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் உணவு வேளாண்மை நிறுவனமும் துணைநிற்க, ஜின்ஜா நகரிலிருந்த கிழக்காப்பிரிக்க நன்னீர் மீன்வள ஆய்வகம் 'ஐபிஸ்' என்னும் ஆய்வுக் கப்பலைச் செலுத்தி ஏரியடியை இழுவலையால் அரித்துப் பார்த்தது.

முறை எளிமையானது. பை போன்ற வலையை ஏரியடியில் வைத்து, குறித்த நேரம், குறித்த வேகத்தில் இழுப்பார்கள். வலைவாயின் அகலத்தை இழுத்த தொலைவால் பெருக்கினால் துழாவிய பரப்பு கிடைக்கும். அப்பரப்பில் அகப்பட்ட மீனின் எடையைக் கொண்டு, வலைக்கு முன்னிருந்த மீனில் எத்தனை பங்கு வலையுள் வீழ்ந்திருக்கும் என்பதை ஒருவாறு ஊகித்து, ஆழத்திற்கு ஏற்பப் பகுத்து, ஏரியின் பரப்பால் பெருக்குவார்கள். குதோங்கானியா, கோர்டோன் என்னும் ஆய்வாளர் இருவர் 1974இல் வெளியிட்ட முடிவின்படி, ஏரியின் அடிவாழ் மீன்களின் மொத்த எடை சற்றேறக்குறைய 7 இலட்சம் டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு 'ஹாப்லோகுரோமிஸ்' என்னும் சிறுமீன் தொகுதி.

இந்த ஒற்றைச் சொல்லில்தான் வரலாறு திரும்பியது எனலாம். முன்னர்க் கூறிய பன்னூறு இனங்களும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. நத்தை உடைப்பதும் பாசி மேய்வதும் பிற மீனைக் கவர்வதும் ஏட்டில் ஒரே வரியாயின. ஹம்ஃபிரி கிரீன்வுட் என்பவர் 1950களிலிருந்தே இம்மீன்களை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து பெயரிட்டு வந்தார். ஏரியின் மீன் குடும்பத்தைப் பற்றிய அவருடைய பெருநூலும் அதே 1974இல் வெளிவந்தது. ஆயினும் அப்பெயர்கள் இலண்டன் அருங்காட்சியகத்துக் கண்ணாடிக் குப்பிகளில் இருந்தன. இழுவலைக் கப்பலின் மேல்தட்டில் இல்லை. அங்கே இருந்தது தராசு.

மீனவர்க்கும் இவை பொதுவாக ஒரே பெயர்தான்: தான்சானியக் கரையில் 'ஃபுரு', கென்யக் கரையில் 'ஃபுலு', உகாண்டாவில் 'இன்கெஜ்ஜே'. எனினும் அங்கே அப்பெயர் உணவின் பெயர். கோலில் கோத்து உலர்த்திய இன்கெஜ்ஜே உகாண்டாவில் குழந்தைக்குத் தரும் சத்துணவாகப் போற்றப்பட்டது. திட்டமிட்டோர் மொழியில் அதுவே குப்பை மீன் ஆயிற்று: உருவில் சிறிது, முள் மிகுதி, நகரச் சந்தையில் விலையில்லை. இத்துணை இலட்சம் டன் குப்பை வீணே ஏரியில் நிற்கிறதே என்னும் ஏக்கம் அறிக்கைகளில் இடம்பெற்றது. கணக்கு அதனைச் செல்வமாக மாற்றும் வழியைக் காட்டிற்று.

தூளான மீன்

1976இல் தான்சானியாவின் முவான்சா நகரில் இச்சிறு மீன்களை அரைத்துக் கால்நடைத் தீவனத்துக்கான மீன்தூளாக்கும் ஆலை தொடங்கப்பெற்றது. இழுவைப் படகுகள் முவான்சா வளைகுடாவில் நாள்தோறும் அரித்தன. மறு ஆண்டே நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக்குழு அங்கு வந்திறங்கியது. ஃபிரான்ஸ் விட்டே முதலியோர் அடங்கிய அக்குழுவினர் படகில் கொட்டப்பட்ட குவியலைத் தரம் பிரித்து, ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, பல்லையும் நிறத்தையும் நோக்கி, பெயரற்றவற்றுக்குத் தற்காலிகப் பெயர் சூட்டிக் குறித்தனர்.

தராசு காணாததை அவர்கள் கண்டனர். ஒவ்வோர் இனத்துக்கும் வாழிடம் குறுகியது. சேற்றடியில் வாழ்வது மணலடிக்குச் செல்வதில்லை. இம்மீன்களின் தாய் முட்டையையும் குஞ்சையும் தன் வாய்க்குள் வைத்துக் காப்பது. ஆகவே ஓர் ஈற்றுக்குச் சில பத்து முட்டைகளுக்கு மேல் இடுவதில்லை. குறைவாக ஈன்று நன்கு காக்கும் உயிர், மிகுதியாகப் பிடிக்கப்படுவதைத் தாங்காது. மொத்த எடைக்கு எழுதிய வட்டி, தனித்தனி இனங்களுக்குப் பொருந்தவில்லை. இழுவைப் படகுகள் உழன்ற பகுதிகளில் சில ஆண்டுகளிலேயே பிடிப்பு குறைந்தது. உருவில் பெரிய இனங்கள் முதலில் மறைந்தன. குவியலின் எடை குறைவதற்கு முன்பே அதனுள் இருந்த பெயர்கள் குறைந்துவிட்டன என்பதே அக்குழுவின் ஆய்வு உணர்த்தியது.

நைல் கொடுவா

இதற்கிடையில் வேறொரு வரலாறு நீருக்கடியில் வளர்ந்துகொண்டிருந்தது. நம் கழிமுகங்களில் வாழும் கொடுவா மீனின் பேரினத்தைச் சேர்ந்த நைல் கொடுவா இரண்டு மீட்டர் நீளத்தை எட்டுவது. 200 கிலோ வரை எடை ஏறுவது. விலையற்ற சிறுமீனைத் தின்று விலையுள்ள பெருமீனாக மாறும் அதனை இவ்வேரியில் விடவேண்டும் என்று காலனி அலுவலர் சிலர் நெடுநாள் வாதிட்டு வந்தனர். ஜெஃப்ரி ஃபிரையர் என்னும் உயிரியலார் 1960இல் இதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். ஓர் உயிர் மற்றோர் உயிரை உண்ணும் ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி வீணாதலின், இரைகொல்லியை இடையில் புகுத்துவது மொத்த உணவைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது என்பது அவர் காட்டிய காரணம்.

வாதம் நடக்கும்போதே செயல் முடிந்திருந்தது. இராபர்ட் பிரிங்கிள் 2005இல் ஆவணங்களைக்கொண்டு நிறுவியவாறு, 1954இல் உகாண்டாவின் வேட்டை, மீன்வளத் துறையினரே மறைவாக அம்மீனை ஏரியில் விட்டனர். 1960இல் அது வலையில் அகப்பட்டது. 1962, 1963ஆம் ஆண்டுகளில் வெளிப்படையாகவே மேலும் விடப்பட்டது. 1969-71 கணக்கெடுப்பில் அதன் பங்கு பொருட்படுத்தத்தக்கதாய் இல்லை. அளந்த நாளின் உண்மை அது. 1980ஐ ஒட்டிக் கென்யப் பகுதியிலும், சில ஆண்டுகளில் உகாண்டாவிலும், 1980களின் நடுவில் முவான்சாவிலும் அதன் பெருக்கம் வெடித்தது. 1986ஆம் ஆண்டளவில் முவான்சா வளைகுடாவின் ஆழப்பகுதிகளில் ஃபுரு ஏறத்தாழ அற்றுப்போயிற்று. ஏரி முழுவதிலும் 200 இனங்கள் வரை மறைந்திருக்கலாம் என்று விட்டேயும் உடன் ஆய்ந்தோரும் 1992இல் மதிப்பிட்டனர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐந்தில் நான்கு பங்கு என்று எடை போடப்பட்ட தொகுதி இதுதான். ஃபுருவைத் தின்று தீர்த்த நைல் கொடுவா, நன்னீர் இறாலையும் தன் குஞ்சுகளையுமே தின்னத் தலைப்பட்டது.

இங்கே ஒரு முரண் எழுகிறது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. பேரழிவு என்று உயிரியலார் கூறிய அதே ஆண்டுகளில் ஏரியின் பிடிப்பு பன்மடங்கு பெருகிற்று. 1970கள் வரை ஆண்டுக்கு ஒரு இலட்சம் டன் அளவில் இருந்தது, 1990ஐ ஒட்டி ஐந்து இலட்சம் டன்னை எட்டியது. கரையெங்கும் துண்டமிடும் ஆலைகள் எழுந்தன. ஐரோப்பாவுக்கு வெண்ணிறத் துண்டங்கள் பறந்தன. பல்லாயிரவர்க்கு வேலை கிடைத்தது. கடையெண்ணிக்கையை மட்டும் நோக்குவார்க்கு, இரகசியமாக மீன் விட்டவர்களே வென்றார்கள் என்று தோன்றும்.

வெற்றி எவருடையது என்பதற்கு விடை கரையில் கிடந்தது. வெயிலில் உலர்த்தினால் போதும் என்றிருந்த ஃபுருவுக்கு மாறாக, கொழுப்பு மிகுந்த நைல் கொடுவாவுக்குப் புகையூட்டல் வேண்டும். புகைக்கு விறகு வேண்டும். விறகுக்குக் கரையோர மரம் வீழ்ந்தது. சிறுமீன் வாங்கிச் சந்தையில் விற்ற பெண்களின் இடத்தை, பனிக்கட்டியேற்றிய ஆலை வண்டிகள் பிடித்துக்கொண்டன. சதையெல்லாம் ஏற்றுமதிக்குப் போனபின் எஞ்சிய தலையும் முள்ளுமே உள்ளூர்ச் சந்தைக்கு வந்தன. அதற்குக் கென்யாவில் வழங்கிய பெயர் 'முகோங்கோ வாசி'. திறந்த முதுகு என்பது பொருள். மக்கள் தமக்கு எஞ்சியதற்குச் சரியான பெயர் வைப்பதில் ஒருபோதும் தவறுவதில்லை. 1997 முதல் 1999 வரை நோய்க்கிருமி, காலரா, நஞ்சு என்னும் காரணங்களுக்காக ஐரோப்பா அம்மீனை விட்டுவிட்டுத் தடைசெய்தபோது, தொலைவூர்த் தட்டை நம்பி வாழ்வது எத்தகையது என்பதையும் கரை உணர்ந்தது.

மீண்டும் கணக்கு

1994இல் மூன்று நாடுகளும் கிசுமு நகரில் உடன்படிக்கை செய்து விக்டோரியா ஏரி மீன்வள அமைப்பைத் தோற்றுவித்தன. கிரகாம் கேட்டதன் முழுவடிவம் 65 ஆண்டுகள் கழித்துக் கைகூடிற்று. இழுவலைக்குத் துணையாக 1999 முதல் ஒலியலைகளை நீருக்குள் செலுத்தி, மீனிடமிருந்து திரும்பும் எதிரொலியைக்கொண்டு இருப்பை மதிப்பிடும் முறை வந்தது. நைல் கொடுவாவின் இருப்பு 2000களின் முதற்பத்தாண்டில் வெகுவாகச் சரிந்ததை அது காட்டிற்று. முன்பு இங்கெகேயைக் காப்பதற்காக எழுந்த அதே வாதங்கள், இப்போது இங்கெகேயின் இடத்தைப் பறித்த மீனைக் காப்பதற்காக எழுந்தன. 50 சென்டிமீட்டருக்குக் குறைந்ததும் 85 சென்டிமீட்டருக்கு மிகுந்ததும் ஆலைக்குள் வரலாகாது என விதித்தனர். சிறியது வளரவும் பெரியது ஈனவும் வேண்டும் என்பது கருத்து. ஆயினும் மீனவர் தொகை 2000இல் சுமார் 1,30,000ஆக இருந்து, 2010களில் 2,00,000ஐக் கடந்தது. 2017 முதல் உகாண்டா தன் படைவீரரையே ஏரிக்கு அனுப்பியது. வட்டியைக் கணித்துவிடலாம், கேட்பவர் தொகையைக் கணிக்க எந்தச் சூத்திரமும் இல்லை. கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பு இறுதியில் எவருக்கும் ஆதாயம் தராது என்று 1943இல் தம் நூலில் கிரகாம் எழுதியது இதுபற்றியே.

வலை காணாதவை

1969-71 கணக்கெடுப்பின் இருவகைக் குறைகள் பின்னாளில் தெளிவாயின. இழுவலை ஏரியடியைத் துழாவுவது. நடுநீரில் மிதந்து வாழ்வதை அது காண்பதில்லை. விரலளவே உள்ள ஒரு வெள்ளிமீன் அங்ஙனம் வாழ்ந்தது. தான்சானியர் அதனை 'டகா' என்றும், கென்யர் 'ஒமேனா' என்றும், உகாண்டர் 'முகேனே' என்றும் வழங்குவர். ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் அளவுக்கு வளர்ந்துவிட்ட ஏரியின் பிடிப்பில் பாதிக்குமேல் அச்சிறுமீனே ஆயிற்று. அன்று அளந்த மொத்த இருப்பினும் மிகுதியாக ஓராண்டுப் பிடிப்பு அமைந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று. உயரப் பறக்கும் விளம்பரமற்ற அம்மீன்தான் இன்று ஏழைகளின் உணவு. அதிலும் ஒரு பகுதி தீவனமாகப் போகிறது.

அவ்வாறே இழுவலை பாறையில் செல்லாது, கிழிந்துவிடும். பாறையிடுக்குகளில் வாழும் வண்ண மீன்களைச் சுகுமா மக்கள் 'எம்பிப்பி' என்பர். கணக்கில் வராத அவை, நைல் கொடுவாவிடமிருந்தும் பெருமளவு தப்பின. 1990களில் ஓலே சீஹவுசன் அவற்றை ஆராய்ந்தபோது வேறோர் இடரைக் கண்டார். பெண்மீன் தன் இனத்து ஆணை நிறத்தால் அறிகிறது. கழிவும் மண்ணும் கலந்து நீர் கலங்கிய இடங்களில் சிவப்பும் நீலமும் தெரியாமற்போக, இனங்கள் ஒன்றோடொன்று கலந்து வேறுபாட்டை இழந்தன என்று 1997இல் அவரும் உடனிருந்தோரும் எழுதினர். எவரும் பிடிக்கவில்லை, எதுவும் தின்னவில்லை, எடையும் குறைந்திருக்கவேண்டுவதில்லை. எனினும் ஓர் இனம் இல்லையாயிற்று. அறுவடைக் கணக்கில் இந்த இழப்பை எழுத ஒரு வரியும் இல்லை.

ஆறுதலும் உண்டு. நைல் கொடுவா குறைந்த 1990களில் சில ஃபுரு இனங்கள் மீண்டும் தலைகாட்டின. அவற்றுள் ஒன்று பழைய இரையை விட்டுப் பெரிய இரைக்கு மாறி, செவுளும் உடலும் மாறி வந்திருந்ததை விட்டேயின் குழுவினர் கண்டனர். திரும்பி வந்தது அதுவே என்று அவர்களால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், 1970களில் அந்தக் குவியலிலிருந்து அதனைத் தனியே எடுத்துப் பெயரோடு எழுதி வைத்திருந்தமையே.

நிறைவாக

பெயர் வைத்தால் மீன் பிழைத்துவிடும் என்பது இக்கட்டுரையின் முடிவன்று. பெயருள்ள இங்கெகேயும் அழியும் நிலைக்கு வந்தது. பெயர் செய்வது வேறொன்று: இழப்பை இழப்பென்று அறியும் ஆற்றலை அது தருகிறது. இருப்பு எவ்வளவு, எடுக்கத்தக்கது எவ்வளவு என்று கணிக்கும் அறிவியல் இன்றியமையாதது. கணக்கின்றி எடுத்தவர்கள் கணக்கோடு எடுத்தவர்களினும் நன்மை செய்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு கணக்கும் தொடங்குமுன் ஒருவர் எதனை ஒன்றென்று கொள்வது, எதனைக் குப்பையென்று தள்ளுவது என்று முடிவு செய்கிறார். அம்முடிவு எண்ணால் ஆவதன்று, சொல்லால் ஆவது. அங்கே பிழைபட்டபின் பெருக்கலும் வகுத்தலும் எத்துணைச் சரியாயினும் பயனில்லை.

நம் துறைமுகங்களில் இழுவைப் படகின் அடித்தட்டில் கிடக்கும் கலவைச் சிறுமீனைக் 'கழசல்' என்கின்றனர். அதுவும் தீவன ஆலைக்குப் போகிறது. அதுவும் எடையாகவே ஏட்டில் ஏறுகிறது. சங்கப் புலவர் கயல், கெண்டை, வாளை, வரால், ஆரல், அயிரை என்று நீருக்குள் இருந்தவற்றைத் தனித்தனியே அழைத்தனர். அயிரையும் உளுவையும் ஆராலும் குறவையும் இன்னும் நம் குளங்களில் எஞ்சியிருக்கும் இடங்கள் உண்டு. அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லும் முதியோரும் உள்ளனர். அகராதியில் ஏறாத பெயர்களும் அவர்கள் வாயில் இருக்கும். அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் ஏற்கத்தக்க பணிகளுள் ஒன்றாக, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் குளத்து மீன்பெயர்களை, சொல்லும் ஊரின் பெயரோடும், மீனின் அடையாளத்தோடும் எழுதித் தொகுப்பதை முன்வைக்க விழைகிறேன். குளத்தை ஏலம் விடுவோர் எடை கேட்பர். அவ்வேளையில் அருகிருந்து பெயர் சொல்ல ஒரு சுவடியேனும் இருத்தல் வேண்டும்.